முதல் வாய்க் கஞ்சி

வஞ்சிக்கொடி தன் கணவனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மலைப்பாதையில் பைக்கோடு உருண்டு அவன் போய்ச் சேர்ந்து வருடம் பத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவனை இறந்தவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் மாமியார் பாவாத்தாள் சும்மா விடமாட்டாள்; சட்டமும் பாவாத்தாளின் பக்கம்தான் இருந்தது.

சென்னியப்பன் இப்போது குடியிருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டையான குடுவைக்குள். அதன் அடியில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாயாக, அவன் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மேலே இளஞ்சிவப்பாக ஊட்டநீர். ஊழியர்கள் அதைக் கஞ்சி என்பார்கள். செல்கள் கஞ்சியைக் குடித்துக் கழிவை வெளியே விட விட, சிவப்பு வெளுத்து மஞ்சளடிக்கும். மஞ்சளடித்தால் பசி. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். செல்கள் பெருகிக் குடுவை நெருக்கடியானால் பாதியைப் பிரித்து இடம் பண்ணித் தர வேண்டும். பச்சைக் குழந்தையை வளர்ப்பதைவிடச் சுலபம். ஒரே குறை, வளராது.

காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு நீளுயிர் இல்லம் என்று பெயர். ஊர் வாயில் அது செல் வீடு. வெளியே பனி இறங்கி விறைக்கிற மார்கழியிலும் உள்ளே மனித உடம்பின் சூடுதான். கதவைத் திறந்து கிழக்குக் கூடத்துக்குள் போனால், யாரோ ஒருத்தரின் வயிற்றுக்குள் போய்விட்ட மாதிரி இருக்கும். வரிசை வரிசையாகக் கண்ணாடிக் கதவு வைத்த சூட்டுப்பெட்டிகள், அவற்றுக்குள் அடுக்கடுக்காக இளஞ்சிவப்புக் குடுவைகள், எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு ரீங்காரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வஞ்சிக்கு அங்கே நின்றாலே தூக்கம் வரும். பிறகு அந்தத் தூக்கமே பழகி, விழித்துக்கொண்டே அதற்குள் நடமாடக் கற்றுக்கொண்டாள்.

முன்பெல்லாம் உடம்பிலிருந்து எடுத்த செல்லை வளர்த்தால் அது ஐம்பது அறுபது தடவை இரண்டிரண்டாகப் பிரியும், பிறகு களைத்து நின்றுவிடும். அந்தக் களைப்பை நீக்கும் வழியை யாரோ கண்டுபிடித்தார்கள். தீப்புண்ணுக்குத் தோல் வளர்க்கத்தான் கண்டுபிடித்தார்கள், பாவம். ஆனால் சாகக் கிடக்கிறவரின் தோலில் துளி எடுத்து வைத்துக்கொண்டால் ஆள் என்றென்றைக்கும் இருப்பார் என்று ஜனங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நீதிமன்றமும் நெடுநாள் யோசித்து, செல் உயிரோடிருக்கும்வரை அவரை ‘நிலைத்திருப்பவர்’ என்றே கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன்பிறகு உடம்பை எரிப்பது என்பது வெட்டிய முடியைக் கூட்டி அள்ளுவதுபோல ஒரு துப்புரவுக் காரியமாயிற்று. பிள்ளைகள் திவசம் கொடுக்கவில்லை. சொத்துகள் பிரியவில்லை. ஒரு கட்சியின் தலைவர் மேற்குக் கூடத்தில் குடுவைக்குள் இருந்தபடியே பொதுச்செயலாளராக நீடித்தார். முன்னைவிடக் கட்சியை நன்றாக நடத்துகிறார் என்றுகூடப் பேச்சு. பெண்கள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. இதைப் பெரிய முன்னேற்றம் என்று பாராட்டிப் பலர் எழுதினார்கள். அழுது முடித்துவிட்டு எழுந்துபோக நினைத்த பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வஞ்சி அப்படி நினைத்தவள். கல்யாணமான இரண்டாம் வருடம் ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவனோடு சண்டை போட்டுக்கொண்டு கோத்தகிரியில் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நாலாம் நாள் அவன் கூட்டிவரக் கிளம்பினான். மழை. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவள் தலைவிரி கோலமாக ஓடிவந்து நின்றபோது, பாவாத்தாள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், “எதுக்கு அழுகறே? எம் பையன் எங்கயும் போகல” என்றாள். அதற்குள் தோல் எடுத்தாகிவிட்டிருந்தது. அந்த அழுகை அப்படியே தொண்டையில் நின்றுபோனது. செத்தவனுக்கு அழலாம், நிலைத்திருப்பவனுக்கு எப்படி அழுவது?

செல் வீட்டில் ஊட்டுநர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் வஞ்சியை அனுப்பி வைத்ததும் பாவாத்தாள்தான். அவனைக் கொன்ன கையே அவனுக்கு ஊட்டட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம், இவள் காதில் விழும்படியே சொன்னாள். அன்றிலிருந்து மருமகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரே வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். ஒருத்தி சமைத்து வைத்ததை இன்னொருத்தி போட்டுத் தின்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வது மட்டும் அந்த வீட்டில் வழக்கொழிந்து போயிற்று.

ஊட்டுநர்களுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் பெண்ணின் கன்னத்துச் சதையில் உட்புறமாகச் சுரண்டி, அவளுடைய செல்களையே ஒரு குடுவையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முதலில் தன்னைக் காப்பாற்றப் பழகு, பிறகு பிறரைத் தொடு என்பது பயிற்சி. பயிற்சி முடிந்ததும் அந்தக் குடுவையைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. தன்னையே சாக்கடையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? எல்லாப் பெண்களும் தத்தம் கூடத்தின் மூலைப்பெட்டியில் தங்கள் குடுவையை வைத்திருந்தார்கள். புதுக் கஞ்சிப் புட்டி திறந்தால் முதல் வாய் தனக்கு. ஊற்றிவிட்டுச் சற்று நேரம் பார்த்து, தன் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே அதே கஞ்சியை மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். கெட்டுப்போன கஞ்சியென்றால் கெடுதல் தனக்கு வரட்டும் என்கிற நல்ல எண்ணம்தான். வருகிற பெரிய மனிதர்களெல்லாம் இந்த வழக்கத்தைக் கேட்டுக் கண்கலங்கியிருக்கிறார்கள்.

வஞ்சியும் அப்படித்தான் செய்தாள். தனக்கு முதல் வாய், அப்புறம் சென்னிக்கு, அப்புறம் கூடம் முழுவதற்கும். ஊட்டும்போது பேசுவாள். அத்தை இன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததை, முருங்கை காய்த்துத் தொங்குவதை, அன்றைக்குப் போட்ட சண்டை எதற்கென்றே மறந்துவிட்டதை எல்லாம் சொல்வாள். குடுவைகள் இளஞ்சிவப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கும். யாரோ மிகவும் நெருங்கியவர்கள் தன்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். அந்த எண்ணம் அவளுக்கு வேண்டியும் இருந்தது.

அந்த வருடம் உடுமலையிலிருந்து பெனசீர் என்று ஒரு டாக்டர் வந்து சேர்ந்தாள். சின்னப் பெண், வந்த வாரமே எல்லோருக்கும் அக்கா, அம்மா என்று முறைவைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் அமாவாசைக்கு அமாவாசை வந்து வெறும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்று அவளுக்கு வருத்தம். செல்லைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினால் என்ன என்று யோசித்து, அதற்கொரு கருவியைக் கூட்டி வைத்தாள். முதலில் யாரைக் காட்டுவது? வீட்டு ஆளாயிற்றே, சென்னியைக் காட்டலாமா என்று வஞ்சியிடம் கேட்டாள். பாவாத்தாள் அந்த அமாவாசைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

வழக்கம்போலக் குடுவையை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முத்தம் கொடுத்தாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எந்த அமாவாசையும் தவறாமல் சொல்கிற வாசகத்தைச் சொன்னாள்.

“மஞ்சளடிக்குது பாரு. பையனுக்குப் பசி. ஊட்டு.”

ஊட்டியான பிறகு விளக்கை அணைத்தார்கள். சுவரில் ஒரு சாம்பல் வெளிச்சம் விரிந்தது. அதன் நடுவே அது கிடந்தது: அவிழ்த்து எறிந்த துப்பட்டா போல, ஓரங்கள் மெல்ல மெல்ல அலைந்துகொண்டு. உள்ளே எதுவும் சும்மா இல்லை. நூல் நூலாக எவையோ நெளிந்தன, சின்னச் சின்னப் பைகள் கண்ணுக்குத் தெரியாத தடங்களில் ஊர்ந்து போயின. நடுவில் நிலா மாதிரி ஒன்று மட்டும் அசையாமல் இருந்தது.

பெனசீர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். ஓரத்தில் அலைவது செல்சவ்வு. சோப்புக் குமிழியைவிட மெல்லிசு, ஆனால் யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு அனுப்புவது என்று அதுதான் முடிவு பண்ணுகிறது. நிலா மாதிரி இருப்பது உட்கரு; இந்த ஆள் எப்படி இருக்க வேண்டும் என்கிற எழுத்தெல்லாம் அதற்குள்தான். பை பையாகப் போகிறவை சரக்கு கொண்டுபோகின்றன, சில பைகள் குப்பையைக் கரைக்கின்றன. நூல் மாதிரி நெளிவது மைட்டோகாண்ட்ரியா.

“அதுதானுங்கம்மா அடுப்பு. சாப்பாட்டை எரிச்சு சக்தி குடுக்கறது அதுதான். ஒரு விசேசம் தெரியுங்களா? உட்கருவுல இருக்கறது அப்பா பாதி, அம்மா பாதி. அடுப்பு மட்டும் முழுக்க அம்மாவோடது. அப்பா பங்கு இல்லவே இல்ல.”

“அப்ப அவனுக்குள்ள எரியற அடுப்பெல்லாம் என்னுதா?”

“உங்களுதேதானுங்க. உங்கம்மா குடுத்தது உங்களுக்கு, நீங்க குடுத்தது அவருக்கு.”

பாவாத்தாள் எழுந்து சுவரிடம் போனாள். அவள் நிழல் செல்லின் மேல் விழுந்தது. கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். படம் அவள் புறங்கையில் படர்ந்தது. சுருக்கம் விழுந்த விரல்முட்டிகளின் மேல் அந்த நூல்கள் மெதுவாக நெளிந்து ஏறின. வஞ்சி இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். தன்னை ஒருநாள்கூட இந்தக் கை தொட்டதில்லை என்ற நினைப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது, பெற்ற பிள்ளையோடா போட்டி போடுவது?

அடுத்த அமாவாசைக்கு அம்மாவின் அடுப்பையும் மகனின் அடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன் என்றாள் பெனசீர். அதற்குக் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றதும் பாவாத்தாள் பட்டுச்சேலையின் தலைப்பை ஒதுக்கி, சந்தோஷமாகக் கையை நீட்டினாள். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி வீடு திரும்பினாள். அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் போட மறந்து, அதைக் கவனிக்காமலே சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வஞ்சி எழுந்தபோது பெனசீர் கூப்பிட்டனுப்பினாள். போனால், டாக்டர் முகம் பேயறைந்தது போல இருந்தது. சுவர்ப் படத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று சென்னியின் செல்கள் கொஞ்சம் எடுத்துச் சாயம் போட்டிருக்கிறாள். சாயம் போட்டால் செல் செத்துவிடும் என்பதால் இங்கே யாரும் இதுவரை போட்டதில்லை. நிலைத்திருப்பவரைக் கொல்ல யார் கையெழுத்துப் போடுவார்கள்? பெனசீர் புதியவள், கேட்காமல் போட்டுவிட்டாள்.

வஞ்சி நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். ஊதா நிறத்தில் உட்கருக்கள். அழகாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கருப்பாக ஒரு சின்னப் பொட்டு.

“பொம்பளைங்க செல்லுல எக்ஸ் குரோமோசோம் ரெண்டு இருக்குங்கக்கா” என்றாள் பெனசீர். “வேலைக்கு ஒண்ணே போதும். அதனால இன்னொண்ணு சுருண்டு ஓரத்துல ஒதுங்கிப் படுத்துக்கும். அதுதான் அந்தப் பொட்டு. ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணுதான். பொட்டு வராது.”

வஞ்சிக்கு முதலில் புரியவில்லை. குடுவை மாறிப்போயிருக்கும் என்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் பக்கத்துக் குடுவையைப் பார்த்தார்கள். அது அன்னூர் மில் முதலாளி ஒருவர். பொட்டு இருந்தது. அதற்கடுத்தது காய்ச்சலில் போன ஒரு பையன். பொட்டு. அந்த வரிசையில் ஆண் என்று பெயர் எழுதிய குடுவை எல்லாவற்றிலும் பொட்டு. பெண்கள் குடுவையில் இருக்க வேண்டியதுதான், இருந்தது. ஒரு குடுவை மாறலாம், கூடமே மாறுமா?

பெனசீர் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். பிறகு, கஞ்சியை எப்படி ஊற்றுகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். வஞ்சி சொன்னாள்: புட்டியைத் திறந்து, பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயில் எடுத்து, முதல் வாய் என் குடுவைக்கு. அப்புறம் திரும்பவும் புட்டியில் எடுத்து...

“அதே பிப்பெட்டுலயாக்கா?”

ஆமாம் என்று தலையாட்டப்போன வஞ்சி பாதியில் நிறுத்தினாள்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம், குழம்பில் உப்புப் பார்க்கக் கரண்டியை வாயில் வைத்துவிட்டு மறுபடி சட்டியில் விட்டதற்கு, எச்சில் பண்ணிப்போட்டாளே என்று பாவாத்தாள் அந்தச் சட்டியையே கொண்டுபோய்க் கொட்டினாள். அன்றிலிருந்து அடுப்படியில் அவள் அந்தத் தப்பைச் செய்ததில்லை. கரண்டியிலிருந்து உள்ளங்கையில் சொட்டு விட்டுத்தான் ருசி பார்ப்பாள். அத்தனை எச்சில் பார்க்கிற வீட்டில் வாழ்ந்தவளுக்கு, இங்கே அது தோன்றவே இல்லை. தன் குடுவையின் வாயைத் தொட்ட முனையில் ஒரு செல் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். அது புட்டிக்குப் போகும். புட்டியிலிருந்து எல்லார் வீட்டுக்கும் போகும். வஞ்சியின் செல்கள் வெறிபிடித்தாற்போலப் பெருகுகிறவை. பயிற்சியின்போது அதற்காகவே பாராட்டு வாங்கியவள். போன இடத்திலெல்லாம் அவை கஞ்சியைக் குடித்து, இடத்தைப் பிடித்து, வீட்டுக்காரரைப் பட்டினி போட்டுவிட்டன.

மரபெழுத்தை ஒத்துப் பார்த்ததில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கிழக்குக் கூடத்தில் இருந்த எல்லோரும் வஞ்சிக்கொடிதான். மேற்குக் கூடத்தில் இருக்கிறவர்கள் அங்கே ஊட்டுகிற லூர்துமேரியாக இருப்பார்கள் என்றாள் பெனசீர். அப்படியானால் கட்சிப் பொதுச்செயலாளரும் இப்போது லூர்துமேரிதான். வேறு சமயமாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் வஞ்சி கூடத்துக்குள் தனியாகப் போய் நின்றாள். அதே சூடு, அதே ரீங்காரம். கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் அடுக்கடுக்காக அவளே இருந்தாள். மில் முதலாளியாக இருந்தாள், காய்ச்சலில் போன பையனாக இருந்தாள். அவளைக் கும்பிட்டுப் பெண்கள் வேண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சொத்துத் தகராறில் இரண்டு அண்ணன் தம்பிகள் அவள் முன்னால் நின்று சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். பெட்டிக் கதவில் தன் முகம் தெரிந்தது. எது கண்ணாடிக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. நெருங்கியவர்கள் யாரோ சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று தோன்றியதெல்லாம் பொய்யில்லைதான். சென்னியை மூலையில் நெருக்கிக் கொன்றதும் அவர்கள்தான். இரண்டாவது தடவையும் என்னாலேயேதானா போனாய் என்று அவனிடம் கேட்க நினைத்தாள். கேட்க ஆளில்லை.

இதை மூடி மறைக்க முடியாது, இல்லத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்று பெனசீர் சொல்லிவிட்டாள். வருகிற அமாவாசைவரை மட்டும் பொறுக்கிறேன், அம்மாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். வஞ்சிக்கு உள்ளூர ஒரு மூலையில் கதவு திறந்ததுபோல இருந்ததும் உண்மை. சென்னி செத்துவிட்டான். எப்போதோ செத்துவிட்டான். அவனுக்காக இனி வாய்விட்டு அழலாம். ஆனால் அத்தை? மாதம் முழுக்க அந்த ஒரு காலைக்காகவே மூச்சு விடுகிறவள். அதைப் பிடுங்கிவிட்டால் ஆள் தங்குவாளா?

அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பெனசீர் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை முகத்தில் வேறொரு மாதிரி கலக்கம். பாவாத்தாளிடம் எடுத்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வெள்ளணுக்களில் பொட்டு வைத்தவற்றுக்கு நடுவே, லட்சத்தில் ஒன்றாக, பொட்டே இல்லாத செல்கள் இருந்தனவாம்.

“வயித்துல இருக்கறப்ப குழந்தையோட செல்லு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துருங்கக்கா. பெத்து முடிச்சப்புறமும் போறதில்ல. எங்கயாவது ஒதுங்கி முப்பது நாப்பது வருசம்கூட இருக்கும். ஒத்துப் பாத்துட்டேன். அவங்க பெத்தது ஒரே பையன்தானே? அவருதான்.”

வஞ்சி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

எடுத்து வளர்க்கலாம் என்று பெனசீர் மெதுவாகச் சொன்னாள். புதுக் குடுவை, புது ஆரம்பம், இந்தத் தடவை எச்சில் படாமல். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம், நானாக அம்மாவிடம் வாய் திறக்கமாட்டேன் என்றாள்.

அந்த நாலைந்து நாளும் வஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கிவிட்டால் அவளுக்கு விடுதலை, அத்தைக்கு வெறுங்கை. இரண்டையும் சொன்னால் கிழவி மறுபேச்சில்லாமல் கையை நீட்டி, எடு என்பாள். மறுபடி குடுவை, மறுபடி நெற்றியில் பொட்டு, மறுபடி தொண்டையில் நின்றுபோகிற அழுகை. இன்னும் எத்தனை வருடமோ? அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பாவாத்தாள் அரிசி களைவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஒடுங்கிய முதுகுக்குள் எங்கேயோ சென்னி இருக்கிறான் என்று நினைப்பு ஓடும். அவன் அம்மா வீட்டிலேயே இருக்கிறான், நான்தான் எங்கெங்கேயோ ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அமாவாசையன்று காலை பாவாத்தாள் அதே பட்டுச்சேலையில் வந்தாள். இன்றைக்கு இரண்டு அடுப்பையும் பார்க்கப் போகிறோம் என்கிற பரபரப்பு. பார்வையாளர் அறையில் வஞ்சி குடுவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாவாத்தாள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், முத்தம் கொடுத்தாள், தூக்கிப் பார்த்தாள்.

“மஞ்சளடிக்குது. பையனுக்கு...”

“அத்தை, அது அவரில்லைங்க.”

ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் நிறுத்தாமல் சொன்னாள். முதல் வாய் பற்றிச் சொன்னாள், பிப்பெட்டைச் சொன்னாள், பொட்டைச் சொன்னாள். குடுவையில் இருப்பது முழுக்கத் தானே என்று சொன்னாள். பாவாத்தாள் குடுவையைத் திரும்பக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுகூட மிச்சமில்லையா?”

“இல்லைங்க.”

“கரண்டிய எச்சப் பண்ணிப்போட்டயா?”

“பண்ணிப்போட்டனுங்க அத்தை.”

பாவாத்தாள் தரையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் வராத சத்தம் இப்போது வந்தது. அது ஒப்பாரியும் இல்லை, வார்த்தையும் இல்லை. எங்கோ அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, இத்தனை வருடம் நடந்து வந்து சேர்ந்த ஒரு சத்தம். அதைக் கேட்டதும் வஞ்சியின் தொண்டையில் இருந்ததும் உடைந்துகொண்டது. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு சுவரோரம் உட்கார்ந்து சென்னியப்பனுக்காக அழுதார்கள். பெனசீர் கதவருகே வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

அழுது ஓய்ந்தபோது வஞ்சிக்கு உடம்பு லேசாக இருந்தது. இதோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. எதிரே பார்த்தாள். பட்டுச்சேலைக்குள் கிழவி ஒரு பிடியாகச் சுருங்கிக் கிடந்தாள். இவளை இப்படியே விட்டுப்போனால், தன்னால் ஒரு உயிர் போவது அது மூன்றாவது தடவை.

“இன்னொண்ணு சொல்லோணுங்க” என்றாள்.

சொன்னாள். பாவாத்தாள் தலைநிமிர்ந்து, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்குள்ளயா?”

“ஆமாங்க. வயித்துல இருக்கறப்பவே வந்தவருங்களாம். எடுத்து வளக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. வேற ஆளு ஊட்டுவாங்க. நான் கிட்டக்கூட வரமாட்டேன்.”

பாவாத்தாள் கையை இறக்கினாள். அவள் பார்வை வஞ்சியின் மேல் வந்து நின்றது. கலைந்த பொட்டு, அழுக்கேறிய தாலிக்கயிறு, எப்போது நரைத்தது என்று இருவருமே கவனிக்காத முன்நெற்றி முடி. ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள். “நான் திங்கற சோத்துல அவனும் தின்னுட்டு, எம் அடுப்புல குளிர் காஞ்சுட்டு இருந்திருக்கறான். இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நான் போறப்பக் கூட்டீட்டுப் போயிர்றேன்.” மூக்கைச் சிந்தித் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். “அவனுக்குக் காரியம் பண்ணீரலாம். அய்யருக்குச் சொல்லி விடோணும்.”

குடுவையைக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று வஞ்சி எழுந்து கையை நீட்டினாள். பாவாத்தாள் கொடுக்கவில்லை. மடியில் இருந்த குடுவையைக் குனிந்து பார்த்தாள். கஞ்சி நன்றாகவே மஞ்சளடித்திருந்தது. அதைப் பார்த்தாள், எதிரே நீண்டிருந்த கையைப் பார்த்தாள், அந்தக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

“வஞ்சி” என்றாள். “காலைல நீ சாப்பிட்டயா?”